பெட்ரோல் போட்டாச்சு, கடலுக்கு வழி எங்கே?

கோடையில் அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குக் கிளம்புவதால் பெட்ரோல் தேவை ஏறுகிறது, விலையும் ஏறுகிறது என்கிறது பெட்ரோல் விலை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். கோடையில் எளிதில் ஆவியாகாத கலவையைத்தான் விற்க வேண்டும் என்ற விதியும் விலையைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. ஆனால் கலிபோர்னியாவில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போனாலும் கால் நனைக்க வழி கிடைக்குமா என்பது தனிக்கதை.

சட்டப்படி அங்கே அலை வந்து நனைக்கும் ஈரமணல் பொதுமக்களுடையது. 1976ஆம் ஆண்டு கடலோரச் சட்டம், கடலுக்குப் போகும் வழியையும் காக்கச் சொல்கிறது. பணக்காரர்கள் வசிக்கும் கடலோர ஊரான மாலிபுவில் போய்ப் பாருங்கள். நெடுஞ்சாலையை ஒட்டி வீடுகள் தோளோடு தோள் நிற்கும். நடுவில் கடலுக்குப் போக ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து, அதற்கும் ஒரு கதவு. யாரும் வாசலில் வண்டி நிறுத்தக்கூடாது என்று போலி கராஜ் கதவு வைத்தவர்கள்கூட உண்டு! (காசிருந்தால் கற்பனைக்குப் பஞ்சமில்லை.) அதே மாநிலத்தில் மார்ட்டின்ஸ் பீச் என்ற கடற்கரையை ஒட்டிய நிலத்தை 2008இல் வாங்கிய கோடீஸ்வர முதலீட்டாளர் வினோத் கோஸ்லா தரப்பு, பாதைக்குப் பூட்டே போட்டது. வழக்கு நடந்து, 2018இல் அவர் தரப்பு மேல்முறையீட்டை விசாரிக்கவே உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பெட்ரோல் விலை அரசு நினைத்தவுடன் இறங்காது. ஆனால் அந்தச் சந்துகளுக்குப் பளிச்சென்று ஒரு பலகை வைத்து, வார இறுதியில் கூடுதலாக நாலு பஸ்ஸும் விடலாமே?