45 டிகிரி சாய்வு போதாது

பைனாகுலரில் இரவு வானம் பார்க்க மரத்தில் நாற்காலி செய்வது பற்றி, "45 டிகிரி சாய்ந்த ஈசிசேர் போதும், 20×80 பைனாகுலரையும் (20 மடங்கு பெருக்கம், 80 மி.மீ. முன்வில்லை) கையிலேயே பிடிக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் மரம் அறுத்துவிட வேண்டாம்.

நம் குப்பம் பக்கம் அட்சரேகை 13 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. உச்சத்துக்கு வரும்போது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் அடிவானத்திலிருந்து 79 டிகிரி உயரத்தில் இருக்கும், பூசம் நட்சத்திரக் கூட்டம் 83. அதாவது பார்க்க ஆசைப்படுவதெல்லாம் தலைக்கு நேர் மேலேதான். 45 டிகிரி சாய்வில் கண் 45 டிகிரி உயரத்தைத்தான் இயல்பாகப் பார்க்கும். மீதிக்குக் கழுத்தை ஒடிக்க வேண்டும். முதுகுப்பலகை ஏறக்குறையப் படுக்கை நிலை வரை இறங்கட்டும். கீல் போட்டு, பக்கச் சட்டங்களில் வரிசையாகத் துளையிட்டு, குறுக்குக் கம்பியை மாற்றி மாற்றிச் செருகினால் சாய்வு மாறும். தலைக்குச் சின்னத் தலையணை.

கைப்பிடி இன்னும் முக்கியம். பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது முழங்கை கைப்பிடிமேல் முழுசாக ஊன்ற வேண்டும். சாதாரண ஈசிசேரில் அது ரொம்பத் தாழ்வு. உயர்த்தி, அகலமாகப் போடுங்கள். 10×50க்கு இதுவே போதும்.

20×80 வேறு கதை. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, கை நடுக்கமும் 20 மடங்காகத் தெரியும். அதற்கு எதிர் எடை கட்டிய இணைகரத் தாங்கி (பைனாகுலரைக் கைக்குப் பதில் சுமந்து, மேலும் கீழும் நகரவிடும் நாற்சட்டம்) வேண்டும்.