ராஜாஜி ஆட்சி மதுரையால் கவிழவில்லை

"மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரை அழைத்துப் போனதால்தான் 1939-ல் ராஜாஜி ஆட்சி கவிழ்ந்தது" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் இருந்த அந்தக் காங்கிரஸ் ஆட்சி போனது ஐரோப்பாவில் மூண்ட இரண்டாம் உலகப் போரால்.

மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோருடன் கோயிலுக்குள் சென்றது 1939 ஜூலை 8. உள்ளூரில் எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. ஆனால் அரசு பின்வாங்கவில்லை. நுழைந்தவர்கள் மீது வழக்குப் பாயாதபடி முதலில் அவசரச் சட்டம், பிறகு முழுச் சட்டம் கொண்டுவந்தது. 215 இடங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரசுக்கு 159. வாக்கெடுப்பில் கவிழ்க்க யாராலும் முடியாது.

செப்டம்பர் 3 அன்று, இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமல், இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். போருக்குப் பின் விடுதலை உண்டா என்று காங்கிரஸ் கேட்டது. அக்டோபர் 17-ல் வந்த பதில் வெறும் மழுப்பல். 22-ல் காரியக் கமிட்டி எல்லா மாகாண அமைச்சரவைகளையும் விலகச் சொன்னது. சென்னை அமைச்சரவை அம்மாத இறுதியில் விலகியது. பம்பாயிலும் பீகாரிலும் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகினவே, அங்கே எந்த மதுரைக் கோயில் காரணம்?

இதே பதிவின் இன்னொரு வடிவம், இந்தி எதிர்ப்புப் போராட்டமே ராஜாஜியை விலகவைத்தது என்கிறது. அந்தப் போராட்டத்தின் வலிமையில் ஐயமில்லை. ஆனால் அது நடந்தபோதும் அவர் பதவியில்தான் இருந்தார். பள்ளிகளில் கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் விலக்கப்பட்டபோது ஆண்டது கவர்னர் எர்ஸ்கின். 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 93-ஆம் பிரிவின்படி தொடங்கிய அந்தக் கவர்னர் ஆட்சி 1946 வரை நீடித்தது.