பர்ச்சேஸ்: பார்த்துக்கலாம்

மே மாதம் வந்தால் குன்னூரில் இருக்கிற எங்கள் வீடு லாட்ஜ் ஆகிவிடும். போன வருடம் ஈரோட்டிலிருந்து தம்பி குடும்பம் வந்திருந்தது. முதல் நாள் மலையடிவாரத்தில் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா, அப்புறம் இரண்டு நாள் ஊட்டி. கோவை, ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் பாதிப் பேருக்கு இதுதான்.

தம்பி கணக்கில் புலி. பெட்ரோல், நுழைவுச் சீட்டு, படகு, சாப்பாடு என்று செல்போனில் வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை போட்டிருந்தான். நீலகிரிக்கு வண்டியில் வர வேண்டிய இ-பாஸ்கூட ஒரு வாரம் முன்பே எடுத்துவிட்டான். கடைசி வரியில் மட்டும் 'பர்ச்சேஸ்: பார்த்துக்கலாம்' என்று இருந்தது.

"என்னடா இது?"

"அது சும்மா சில்லறைச் செலவுதானேக்கா."

அந்தச் சில்லறை 7,400 ரூபாயில் போய் நின்றது. பூங்காவில் ஆனது இதில் சேர்த்தி இல்லை. பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நைலான் உடைதான் வேண்டும். இவர்கள் எடுத்து வைத்த நைலான் உடைகள் ஈரோட்டில் கட்டில் மேலேயே இருந்துவிட்டன. அங்கேயே நாலு பேருக்கும் புதிதாக வாங்கினார்கள். சறுக்கி விழும்போது எடுத்த போட்டோவை அட்டைச் சட்டத்தில் போட்டு நீட்டினால் யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல வரும்? அதில் தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டு அலறுகிறாள். அந்தக் காசு வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

என் வருத்தமெல்லாம் அந்த 7,400 பற்றித்தான். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி தம்பி எல்லா பில்லையும் மேசையில் பரப்பிக்கொண்டு, "இந்தப் பசங்க பார்க்கிறதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காசைக் கரைச்சிட்டாங்க" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. பேனாவை வாங்கிக் கூட்டினேன். சாக்லேட் இரண்டரைக் கிலோ 2,000. டீத்தூள் மூன்று கிலோ 1,200. தைலம் எட்டுப் பாட்டில் 960. வர்க்கி, அதாவது மொறுமொறுவென்று அடுக்கடுக்காக இருக்கிற ஊட்டி பிஸ்கட், இரண்டு கிலோ 500. ஸ்வெட்டர், குல்லா, மப்ளர் 1,900. கேரட், பிளம்ஸ் வகையறா 360. பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டு வாங்கியது மொத்தம் 480 ரூபாய்.

மிச்சமெல்லாம் யாருக்கு? ஆபீசில் பதினான்கு பேர், மாடி வீடு, எதிர் வீடு, பால்காரர், சம்பந்தி வீடு. "ஊட்டிக்குப் போயிட்டு வெறுங்கையோடவா வர்றது, அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. நியாயம்தான். போனவர்கள் ஏதாவது கொண்டு வருவது நம் ஊர் மரியாதை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு தொகை ஒதுக்காமல் மலையேறிவிட்டு, நூற்றைம்பது ரூபாய்க் கீ செயினுக்காகப் பிள்ளையை நடுரோட்டில் திட்டுவது என்ன நியாயம்? சீசனில் ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். பத்தடிக்கு ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும். அம்மா கையில் மூன்று சாக்லேட் பை இருக்கும்.

வாங்குகிற பொருளையும் கொஞ்சம் பார்க்கலாம். ஹோம்மேட் சாக்லேட் என்று விற்பதில் நிறைய காம்பவுண்ட் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றியது. கோகோ வெண்ணெய்க்குப் பதில் அதில் தாவரக் கொழுப்பு இருக்கும். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், நானும் சாப்பிடுவேன், ஆனால் அந்த விலைக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம். தைலமும் அப்படித்தான். யூகலிப்டஸ் மரமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது, இப்போது நீலகிரி தைலம் என்று பெயர் வாங்கிவிட்டது. அது ஈரோட்டு மெடிக்கலிலும் கிடைக்கும். எட்டுப் பாட்டில் சுமந்து போக வேண்டியதில்லை. கடைகளில் தொங்குகிற மர ரயில் இருக்கிறதே, அதேமாதிரி ஒன்றை 'கொடைக்கானல்' என்று எழுதிக் கொடைக்கானலில் பார்த்திருக்கிறேன். அங்கே ரயிலே கிடையாது.

வர்க்கிக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்குவேன். 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் பாருங்கள், வர்க்கியையும் டீயையும் 'இறங்கும்போது குன்னூரில் வாங்கிக்கலாம்' என்று நம்பி வருகிறார்கள். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். அப்புறம் கோத்தகிரியில் அவசர அவசரமாக வண்டியை நிறுத்தி, கிடைத்ததைக் கிடைத்த விலைக்கு வாங்குவதுதான். துணிப்பையும் கொண்டு வாருங்கள். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பை கிடையாது, கடைக்குக் கடை பைக்குத் தனியாகக் காசு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஊட்டியில் இரண்டாம் நாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். பிள்ளைகள் இருவர் கையிலும் முந்நூறு முந்நூறு ரூபாய், எல்லாம் பத்தும் இருபதுமாகக் கொடுத்தேன். "இது உங்க காசு. என்ன வேணும்னாலும் வாங்குங்க, மிச்சமும் உங்களுக்குத்தான். தீர்ந்தா தீர்ந்ததுதான், அத்தைகிட்ட கேட்கக் கூடாது." தம்பி முறைத்தான்.

தாவரவியல் பூங்கா வாசலில் சின்னவள் முதலில் வாங்கியது சோப்புத் தண்ணீரில் குமிழி விடுகிற குழல். நாற்பது ரூபாய். கார் நிறுத்திய இடத்துக்கு வருவதற்குள் தண்ணீர் முழுக்கக் காலி. அழப் போகிறாள் என்று நினைத்தேன். கவிழ்த்துப் பார்த்தாள், ஒரு தட்டுத் தட்டினாள், மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த கடையில் காது வைத்த கம்பளிக் குல்லாவை எடுத்துவிட்டு, விலையைக் கேட்டு, திரும்ப மாட்டிவிட்டு வந்தாள். பத்தடி போனதும் திரும்பிப் போய் மறுபடி விலை கேட்டாள். முந்தின நாள் 'வாங்கித் தா, வாங்கித் தா' என்று தரையில் உட்கார்ந்த அதே பிள்ளை. பெரியவன் கையை மடக்கிக்கொண்டே திரிந்தான், மொத்தமே ஒரு காந்த ஸ்டிக்கர்தான் வாங்கினான். மேலே சொன்ன 480 ரூபாய் அதற்கு முந்தின நாள் வாங்கியதும் சேர்த்து.

பட்ஜெட் என்றால் கையைக் கட்டுவது என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மலையின் பழங்குடிகளான தோடர் பெண்கள் போடுகிற பூவேலை பார்த்திருக்கிறீர்களா? தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். துணியில் படம் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. தம்பி மனைவி அந்தச் சால்வை ஒன்றை எடுத்து, பின்பக்கம் திருப்பி, விரலால் தடவிக்கொண்டே நின்றாள். எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்றே தெரியவில்லை. விலைச்சீட்டைப் பார்த்தாள். "பரவாயில்லை அண்ணி, அடுத்த தடவை" என்று மடித்து வைத்துவிட்டாள். கமர்ஷியல் ரோட்டில் சாக்லேட்டும் தைலமும் ஸ்வெட்டரும் வாங்கி முடித்த பிறகுதான் அந்தக் கடைக்குப் போனோம். கையில் மிச்சமில்லை.

பதினான்கு பேரில் பாதிக்குமேல் அந்தச் சாக்லேட்டை ஆபீசிலேயே வைத்துவிட்டுப் போனார்கள் என்று தம்பியே பிறகு சொன்னான். போகிற வழியில் டிக்கியில் சூடேறி ஒரு பை முழுக்க ஒரே கட்டியாகிவிட்டதாம். கத்தியால் வெட்டித்தான் கொடுத்தார்களாம்.

என் கணக்கு எளிது. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை வாங்குவதற்கு என்று முதலிலேயே எடுத்து வைப்பேன். கடைக்குள் நுழைவதற்கு முன் பொருளை யோசிக்கமாட்டேன், ஆள் பெயரை எழுதுவேன். பெயர் எழுதும்போதே பாதி அடிபட்டுப் போகும். எனக்கு என்று ஒரு பொருளும் அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கும்.

இந்த மே மாதத்துக்கான பட்டியலைத் தம்பி நேற்று வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஆறே பெயர். ஆபீசுக்கு வர்க்கி ஒரு கிலோ, அவ்வளவுதான். அதற்குக் கீழே, 'தோடர் சால்வை 1. அக்காவிடம் விலை கேட்க.' அதற்கும் கீழே பென்சிலில், கோணல் கோணலான எழுத்தில், 'குமிழி விடுறது 2'.