பிறந்த பிறகும் மூளையில் புது நரம்பணுக்கள் உருவாகின்றன

"குழந்தை பிறந்தபின் மூளையில் ஒரு செல்கூடப் புதிதாக வராது, ஜீன் போட்ட கணக்கு மாறாது." தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பக்கத்து வீட்டுப் பெண் போனை நீட்டினாள்: "அக்கா, இனி இவனுக்கு ஒண்ணும் செய்ய முடியாதா?" கண் கலங்கியிருந்தது.

செய்தி தவறு. பிறந்த எலிகளின் ஹிப்போகாம்பஸில், அதாவது நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியில், புது நரம்பணுக்கள் உருவாவதை விஞ்ஞானிகள் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் 1965லேயே காட்டிவிட்டார்கள். மனிதக் குழந்தையின் சிறுமூளையிலும் பிறந்தபின் பல மாதங்கள் நரம்பணுக்கள் பெருகுகின்றன.

ஜீன் விஷயம்தான் முக்கியம். தோல் செல்லிலும் நரம்பணுவிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. எந்தப் பகுதி வாசிக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. இன்னும் தனி வேலை ஏற்காத மூலச்செல் நரம்பணுவாகும்போது சாக்ஸ்2 என்ற ஜீன் அடங்கும், நியூரோடி1 விழிக்கும். இறுகச் சுருண்டிருந்த டிஎன்ஏ சில இடங்களில் தளரும். பிறகு டபுள்கார்ட்டின் என்ற புரதம் இளம் செல் நகர்ந்துபோய் இடம்பிடிக்க உதவும். எழுத்து மாறுவதில்லை, வாசிப்பு மாறுகிறது.

பெரியவர்களின் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணு உருவாவது தொடர்கிறதா என்பதில் சர்ச்சை உண்டு. 2018இல் வந்த இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவு சொல்லின. ஆனால் கைக்குழந்தையைப் பற்றி அந்தச் செய்தி சொல்வது சுத்தப் பொய்.

"பேசு, பாடு, தூக்கிக் கொஞ்சு மக்களே," என்றேன். பிள்ளை அதற்குள் போனைப் பறித்து வாயில் வைத்திருந்தான்.