லண்டன் மாமியாரைப் பார்க்கக் கல்யாணச் சான்றிதழ் மட்டும் போதாது

கணவரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், மனைவியிடம் இந்தியப் பாஸ்போர்ட். மாமனார் மாமியார் லண்டனில். கல்யாணத்துக்கு வர முடியாத பாட்டியையும் அத்தைகளையும் மூன்று வாரம் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் திட்டம். “அந்த நாட்டுக்காரனோட பெண்டாட்டிக்கே விசா தரமாட்டாங்களா என்ன?” என்ற தைரியத்தில் விண்ணப்பத்தைப் போடுகிறார்கள். மறுப்புக் கடிதம் கையில் வந்த பிறகுதான் புலம்பல் தொடங்குகிறது.

தப்பு அந்தத் தைரியத்தில்தான். விசிட் விசாவைப் பொறுத்தவரை கணவர் பிரிட்டன் குடிமகனாக இருப்பது தகுதி இல்லை, சந்தேகத்துக்கான காரணம். வந்த வேலை முடிந்ததும் இவர் திரும்பிப் போவாரா என்பதுதான் விதிகளில் முதல் கேள்வி. புருஷன் அங்கே இருக்கும்போது பெண்டாட்டி எதற்குத் திரும்ப வேண்டும் என்று விசா அதிகாரி நினைப்பது இயல்பு. பெரும்பாலும் நேர்காணல் கிடையாது. நீங்கள் ஏற்றிய தாள்களைப் பார்த்துத்தான் முடிவு. ஆகவே ஒவ்வொரு தாளையும் வைக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: நான் திரும்பி வருவேன் என்று இது சொல்கிறதா, இல்லை நாங்கள் அன்பாக இருக்கிறோம் என்று சொல்கிறதா? இரண்டாவது வகைக்குக் கல்யாணச் சான்றிதழ் ஒன்று போதும்.

தம்பதி இருவரும் சென்னையிலேயே குடித்தனம் நடத்துபவர்கள் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் அதை யாரும் எழுதுவதில்லை! கணவருடைய ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளியினர் இங்கே தங்கி வேலை பார்க்க உரிமை தருவது), இங்கே அவருக்குள்ள வேலை, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் வீட்டில் சும்மா கிடக்கும். உங்கள் வாழ்க்கை இங்கே என்று சொல்லும் சாட்சிகள் அவைதான்.

கணவர் லண்டனில், மனைவி மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ என்றால் கதை கடினம். “அவரே இங்கே வந்து பார்க்கலாமே?” என்ற கேள்வி கடிதத்தில் வராது, அதிகாரி மனதில் வரும். பதிலை நீங்களே முந்திக்கொண்டு கொடுங்கள். பாட்டியால் பயணம் செய்ய முடியாதென்றால் மருத்துவர் கடிதம், நாத்தனார் கல்யாணமென்றால் தேதியோடு பத்திரிகை.

அடுத்து, அங்கேயே செட்டிலாகும் எண்ணம் பற்றி. அதை மறைக்காதீர்கள். விசிட்டராகப் போனவர் அங்கிருந்தபடியே ஸ்பவுஸ் விசாவுக்கு, அதாவது கணவரோடு குடியேறும் விசாவுக்கு, மாற முடியாது. நாடு திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விசாவுக்கு 2024 ஏப்ரல் 11 முதல் கணவருக்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும். அதற்கு முன் 18,600 தான். கவர் லெட்டரில் நேராக எழுதுங்கள்: “மாற முடியாது என்பது தெரியும். குடியேற முடிவெடுத்தால் இந்தியாவிலிருந்தே முறைப்படி விண்ணப்பிப்போம். இந்தப் பயணம் இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதி வரை மட்டும்.” இந்த நாலு வரி நாற்பது போட்டோக்களைவிட மேல்.

போட்டோ என்றதும் ஒன்று. பிரிட்டன் உள்துறையின் ஆவண வழிகாட்டியிலேயே அனுப்ப வேண்டாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. சொந்தப் புகைப்படங்கள், ஹோட்டல் புக்கிங், விமான டிக்கெட் புக்கிங், பயணக் காப்பீடு, கல்விச் சான்றிதழ்கள், ஓராண்டுக்கு மேல் பழைய பேங்க் ஸ்டேட்மென்ட், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில் இருக்கின்றன. நம் ஏஜென்ட்டுகள் கேட்டு வாங்குவதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்களுக்கான டிபி (காசநோய்) டெஸ்ட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுபவர்கள் உண்டு. மூன்று வாரப் பயணத்துக்கு அது தேவையே இல்லை.

அதிகம் பேர் சறுக்குவது பணத்தில். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எப்படி வந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். மாதம் 45,000 ரூபாய் சம்பளம், இருப்பு 30,000. விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு திடீரென்று ஆறு லட்சம் வந்து விழுகிறது. அப்பா போட்டாரோ, சீட்டுப் பணம் எடுத்தீர்களோ, விளக்கமும் ஆதாரமும் இல்லாவிட்டால் அந்த ஆறு லட்சம் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். கடைசி ஆறு மாத ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, ஐடி ரிட்டர்ன் மூன்றிலும் ஒரே தொகை ஓட வேண்டும். ஃபார்மில் எழுதும் வருமானமும் அதுவாகவே இருக்க வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் மாமியார் வீட்டில், டிக்கெட் கணவர் செலவு என்றால் அப்படியே எழுதலாம், விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் செலவை ஏற்பவரின் பாஸ்போர்ட் நகல், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், கையெழுத்திட்ட கடிதம் நான்கும் கூடவே வேண்டும்.

அலுவலக விடுப்புக் கடிதத்தில் பதவி, சம்பளம், எப்போதிலிருந்து வேலை, விடுப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடிதத்தில் 21 நாள், ஃபார்மில் ஆறு மாதம் என்றால் யார் நம்புவார்கள்? வேலைக்குப் போகாதவர்கள் தன் பெயரிலுள்ள சொத்து, படிப்பு, தான் பராமரிக்கும் பெற்றோர் என்று காட்டலாம். பட்டா தமிழில் இருந்தால் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் இல்லாமல் அது செல்லாது.

நம்மவர்களுக்கே உரிய தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக, சான்றிதழில் இனிஷியலோடு, பேங்கில் கணவர் பெயரோடு. ஃபார்மில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, மூன்றும் ஒருவரே என்று கவர் லெட்டரில் ஒரு வரி சேருங்கள்.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். ஆறு மாத விசாவுக்குக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. கைரேகை கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரம். மறுத்தாலும் பணம் திரும்பாது. மலேசியாப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பாடு எதுவுமில்லை, மொபைலில் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள்.

மறுத்தால் என்ன செய்வது? முன்பு குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முழு மேல்முறையீட்டு உரிமை இருந்தது. 2013 ஜூன் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இன்று மனித உரிமை அடிப்படையில் ஒரு குறுகிய வழியும், செலவு பிடிக்கும் நீதிமன்ற மறுஆய்வும்தான் மிச்சம். பேரன் பெண்டாட்டியைப் பாட்டி பார்ப்பதற்கு இது அநியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து. நடைமுறையில் மறுபடி விண்ணப்பிப்பதே வழி. ஆனால் அதே தாள்களை மறுநாளே திருப்பிப் போடாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புதிய ஆதாரம் வையுங்கள். பழைய மறுப்பை, அது எந்த நாட்டு விசாவாக இருந்தாலும், ஃபார்மில் சொல்லிவிடுங்கள். மறைத்தது பொய் என்று முடிவானால் பத்தாண்டுத் தடை வரும், அது பிறகு போடும் ஸ்பவுஸ் விசாவுக்கும் தொல்லை.

விசா கிடைத்தாலும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இன்னொரு கேள்வி உண்டு. அழைப்புக் கடிதம், விடுப்புக் கடிதம், ரிட்டர்ன் டிக்கெட் மூன்றையும் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். அந்தப் பெட்டியில் டிகிரி சான்றிதழும் பயோடேட்டாவும் கிடந்தால், மூன்று வார விருந்துக்கு வந்தவர் இதை ஏன் சுமந்து வந்தார் என்பதற்கு அதிகாரி முன் நின்றபடியே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.