ஒட்ட வெட்டித் தார் பூசுவது பற்றி

அண்ணே, நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு, ‘கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டித் தார் பூசினால் சீக்கிரம் ஆறும், ஏற ஒற்றைக் கயிறு போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே தவறு. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கும். காயத்தை மூடும் பட்டை அங்கிருந்துதான் வளரும். ஒட்ட வெட்டினால் அதுவே போய்விடும், அழுகல் தண்டுக்குள் இறங்கும். கட்டையாக நீட்டி விட்டாலும் அழுகும். தார் அழுகலைத் தடுக்காது; ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

கனமான கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கால்பங்கு ஆழம். அதற்கு 3 செ.மீ. வெளியே, மேலிருந்து முழு வெட்டு. மிஞ்சிய கட்டையைப் புடைப்புக்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். அடிவெட்டை விட்டால், கிளை சாயும்போது பட்டை தண்டுவரை உரிந்து வரும்.

ரம்பம் பிடிக்கும்போது இரண்டு பிடிமானம் கட்டாயம்: மேலே கட்டிய கயிறு ஒன்று, தண்டைச் சுற்றிய இடுப்புக் கயிறு இன்னொன்று. ரம்பம் ஒன்றை அறுத்தாலும் மற்றது தாங்கும். வெட்டும் கிளையில் எதையும் கட்டாதீர்கள். மின்கம்பி பக்கம் என்றால் ஏறவே வேண்டாம், மின்சார நிறுவனமான தெனாகாவுக்குச் சொல்லுங்கள்.