எளிமை சரி, அவையில் என்ன செய்தார்?

மதுரை கிழக்கில் 2001, 2006 என இரண்டு தடவை ஜெயித்த, மறைந்த மார்க்சிஸ்ட் என்.நன்மாறனைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். சொந்த வீடில்லை, 2021-ல் ஆட்சியரிடம் வீடு கேட்டு மனுக் கொடுத்தார் என்று. மறுப்பதற்கில்லை, கும்பிடத்தக்க மனிதர்தான். ஆனால் பத்து வருஷம் சட்டமன்றத்தில் இருந்தவரை ஒரு மனுவோடு முடித்துவிடுவது அவருக்கே அநியாயம்.

முன்னாள் எம்.எல்.ஏ. யாராக இருந்தாலும் முதலில் புரட்ட வேண்டியது அவை நடவடிக்கைக் குறிப்பு. அதில் கேள்வி நேரத்தைப் பாருங்கள். மூலக் கேள்வி முன்கூட்டியே எழுத்தில் போவது. உதவியாளரே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆளின் சரக்கு துணைக்கேள்வியில்தான் தெரியும். "பாலம் கட்டப்படுமா?" "ஆய்வில் உள்ளது." இதற்குப் பிறகு "மண் பரிசோதனை முடிந்ததா, நில எடுப்புக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா?" என்று கேட்டால் அவர் கோப்பைப் படித்தவர். தலைவருக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டால், சரி, விடுங்கள். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதிகளைத் துரத்த உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. அரசுச் செலவைச் சோதிக்கப் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழுவும் உண்டு. நன்மாறன் எதில் இருந்தார் என்று ஒரு இரங்கல் பதிவிலாவது பார்த்திருக்கிறீர்களா?

கல்வெட்டை வைத்து எடை போடாதீர்கள். தொகுதி மேம்பாட்டு நிதி இன்று வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். எம்.எல்.ஏ. பரிந்துரைப்பார்; நிர்வாக அனுமதி ஆட்சியர் தருவது, வேலையைச் செய்வது ஒன்றியமோ நகராட்சியோ. பயணியர் நிழற்குடையில் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் எம்.எல்.ஏ.வுடையது.

சொத்துக் கணக்குக்கு, வேட்புமனுவோடு தரும் படிவம் 26. இரண்டு தேர்தல் படிவங்களைப் பக்கத்தில் வைத்து மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டுக் கூச்சல் போடுகிறார்கள். அதே நிலத்தின் சந்தை மதிப்பு ஏறினாலே மொத்தம் எகிறும். வாங்கிய தேதி, வாங்கிய விலை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. பதவிக் காலத்துக்குள் விழும் தேதிகளைத்தான் தேட வேண்டும். இன்னொரு ஓட்டையும் உண்டு. படிவம் கேட்பது வேட்பாளர், வாழ்க்கைத்துணை, இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் சொத்தை மட்டுமே. சொந்தமாகச் சம்பாதிக்கும் மகன் பெயரில் இருக்கும் கல்யாண மண்டபம் அதில் வரவே வராது.